தங்காத பிள்ளைகளை எப்படி எண்ணுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

பிறப்பு, இறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத நாடுகளில் குழந்தை இறப்பை எப்படிச் சொல்கிறார்கள் ஐயா? குத்துமதிப்பா?

இல்லை தம்பி, தாய்மாரைக் கேட்கிறார்கள். 1960களில் வில்லியம் பிராஸ் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் கண்ட வழி இது. இரண்டே கேள்வி: எத்தனை பெற்றீர்கள், அதில் எத்தனை தவறின? 30 முதல் 34 வயதுத் தாய்மார் பெற்ற 1,000 பிள்ளைகளில் 120 பேர் இறந்திருந்தால், ஐந்து வயதுக்குள் இறப்பு ஆயிரத்துக்கு ஏறக்குறைய 120. சின்னத் திருத்தம் ஒன்று போடுவார்கள், அவ்வளவுதான்.

இதில் அழகு என்னவென்றால், 45 வயதைத் தாண்டியவர்களின் பிள்ளைகள் எப்போதோ பிறந்தவர்கள், 25 வயதுக்காரியின் பிள்ளைகள் நேற்றுப் பிறந்தவர்கள். தாய்மாரை வயதுவாரியாக அடுக்கினாலே சுமார் 15 ஆண்டுப் போக்கு தெரிந்துவிடும். 15 முதல் 19 வயதுக்காரிகளின் விடையை மட்டும் நான் ஒதுக்கிவிடுவேன். இளம் தாய், தலைப்பிள்ளை. அங்கே இறப்பு எப்போதும் கூடுதல்.

தாய் மறந்திருந்தால்?

மறப்பதில்லை அம்மா, சொல்வதில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் வாழ்ந்த என் பாட்டியிடம் எத்தனை பிள்ளை என்றால் "அஞ்சு" என்பார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, சுண்ணாம்பு விரலைத் தூணில் துடைத்த பிறகுதான் "தங்காதது ரெண்டு" என்று வரும். அதனால்தான் நல்ல கணக்கெடுப்பில் கூட இருப்பவர், வெளியூரில் இருப்பவர், இறந்தவர் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறார்கள். பிறந்து ஒருமுறை அழுதுவிட்டுப் போன பிள்ளை உண்டா என்றுகூடக் கேட்பார்கள். குப்பம்மா, பிச்சை என்று நம் வீடுகளில் பெயர் வைத்தது எதற்கு? முன்னால் பிறந்தவை தங்காததால்தானே!

தாதிப் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு வயதுக்குள், ஐந்து வயதுக்குள் என்று இரண்டு கணக்கு வருகிறதே, எதை நம்புவது சார்?

ஐந்து வயதுக் கணக்கை. 11 மாதத்தில் இறந்ததையும் 13 மாதத்தில் இறந்ததையும் "ஒரு வயசு" என்றே சொல்வார்கள். அதனால் 12ஆம் மாதத்தில் இறப்புகள் குவிந்துவிடும், சிசு இறப்பு, அதாவது ஒரு வயதுக்குள் இறப்பு, குறைந்து தெரியும். ஐந்து வயதுக் கணக்கை அந்தக் குளறுபடி தொடாது.

தாயே இறந்துவிட்டால்?

பதில் சொல்ல ஆள் இல்லை. எச்ஐவி பரவிய ஆப்பிரிக்க நாடுகளில் இது பெரிய ஓட்டை. தாயோடு பிள்ளையும் போயிருக்கும், இரண்டுமே கணக்கில் வராது. அதற்கென்று தனியாகத் திருத்தம் செய்கிறார்கள்.

ஒரு கணக்கெடுப்பு ஓர் எண் சொல்கிறது, இன்னொன்று வேறு சொல்கிறதே?

எல்லாப் புள்ளிகளையும் ஒரே தாளில் போட்டு ஊடாக ஒரு வளைகோடு இழுப்பார்கள். 2004 முதல் ஐநா அமைப்புகளின் கூட்டுக் குழு இதைச் செய்கிறது. உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பு 1990இல் ஆயிரத்துக்கு 93, 2022இல் 37.

எங்கள் தோட்டத்தில் போன வருடம் 40 பிறப்பு, ஒரு குழந்தை இறந்தது. ஆயிரத்துக்கு 25 ஆகிறது. நாட்டுக் கணக்கு ஒற்றை இலக்கம்தானே?

நாற்பதை வைத்து விகிதம் போடாதீர்கள். அடுத்த வருடம் யாரும் இறக்காவிட்டால் பூச்சியம் என்பீர்களா? சுற்றுத் தோட்டங்களையும் சேர்த்துப் பத்து ஆண்டுக்குக் கூட்டுங்கள், அப்புறம் பேசலாம். இப்போதைக்கு அந்த வீட்டுக்குப் போய், காய்ச்சல் எப்போது கண்டது, வண்டி எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று கேட்டு எழுதி வையுங்கள்.