‘டக்’ சத்தம் வருகிறது, சார்ஜ் ஏறவில்லை: பழுது ரிலேயிலா?

கேள்வி: திசையன்விளையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மூன்று ஆண்டுகளாக வைத்திருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் சார்ஜரை ஆட்டோ பேட்டரியில் மாட்டினால் உள்ளே ‘டக்’ என்று சத்தம் வருகிறது. மீட்டர் முள் அசைவதில்லை. பெட்டியின் மேல் ஒரு தட்டு தட்டினால் சற்று நேரம் ஏறுகிறது. வீட்டில் நெடுநாள் ஓட்டாமல் நிற்கும் பைக்கின் பேட்டரியை மாட்டினால் அந்தச் சத்தமும் இல்லை. ரிலே போய்விட்டது, போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: போர்டை மாற்றும் அளவுக்கு எதுவும் கெட்டதாகத் தெரியவில்லை. ஆட்டோ பேட்டரியில் கேட்கும் ‘டக்’ சத்தம், மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் காயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) மின்சாரம் வந்து, அது உள்ளிருக்கும் இரும்பு நாக்கை இழுத்துவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. நாக்கின் நுனியில் உள்ள பாயிண்டுகள் வழியாகச் சார்ஜ் போகிறதா என்பதைச் சொல்வதில்லை. ஆகவே காயிலைச் சந்தேகிக்க வேண்டாம். தட்டினால் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு. பாயிண்டில் கரி பிடித்திருக்க வேண்டும், அல்லது ரிலேயின் பின்னைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப்பற்று விட்டிருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, கிளிப்புகளையும் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். கனத்த டிரான்ஸ்பார்மர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ். வகையாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்; பழக்கமில்லாதவர் அதில் கை வைக்கக் கூடாது. டிரான்ஸ்பார்மர் வகை என்றால் போர்டைத் திருப்பி, ரிலேயின் பின்களைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின்னைச் சுற்றி மயிரிழை போலக் கறுப்பு வளையம் தெரிந்தால், சார்ஜ் போகும்போது சூடேறியும் நின்றபின் ஆறியும் நாளடைவில் விழுந்த விரிசல் அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் போதும். நான் முதலில் தேடுவது இந்த வளையத்தைத்தான். ரிலே வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்து நொந்துகொண்டவர்கள் உண்டு.

வளையம் இல்லையென்றால் அளந்து பார்க்க வேண்டும். பாயிண்ட் பின்களிலிருந்து போர்டில் போகும் செம்புத் தடம் 230 வோல்ட் பக்கம் போகவில்லை, பேட்டரிப் பக்கம்தான் போகிறது என்று உறுதி செய்துகொண்டு, சார்ஜரை ஓடவிட்டு, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து அந்த இரு பின்களுக்கும் நடுவே அளவு பாருங்கள். நல்ல பாயிண்ட், 5 ஆம்பியர் போகும்போதும் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. அரை வோல்ட் காட்டினால் அந்தக் கடுகளவு இடத்தில் 2.5 வாட் சூடு உண்டாகிறது என்று பொருள். சத்தம் வந்த பிறகும் ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ நின்றால் பாயிண்ட் ஒட்டவே இல்லை.

அப்போது ரிலேயை மட்டும் மாற்றுங்கள். மூடியை உடைத்துப் பாயிண்டை உப்புத்தாளால் தேய்ப்பது வீண் வேலை. மேலே உள்ள வெள்ளிக் கலவை போய்ச் சில நாளில் முன்னைவிட மோசமாகும், உவரிக் கடற்காற்று எட்டும் உங்கள் ஊரில் இன்னும் விரைவாகவே ஆகும். கடைக்குப் பழைய ரிலேயைக் கையோடு கொண்டுபோய், காயில் 12 வோல்ட் டி.சி. தானா, பின்களின் அமைப்பு ஒன்றுதானா என்று ஒப்பிட்டு வாங்குங்கள். ஆம்பியரைப் பார்க்கும்போது ஏ.சி.க்கு எழுதியதை விட்டு டி.சி.க்கு எழுதியதைப் படிக்க வேண்டும். காயிலுக்குக் குறுக்கே இருக்கும் சிறு டயோடையும் சோதித்துவிடுங்கள். அது அறுந்திருந்தால், ரிலே நாக்கை விடும் ஒவ்வொரு முறையும் எழும் உயர் வோல்ட் ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும்.

பைக் பேட்டரிக்கு வருவோம். கிளிப்பை மாற்றி மாட்டினால் ஆபத்து வராமலிருக்க, இவ்வகைச் சார்ஜர்கள் பலவற்றில் ரிலேயின் காயிலுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்தே எடுக்கிறார்கள். 12 வோல்ட் ரிலே இழுக்க ஏறத்தாழ 9 வோல்ட் வேண்டும். நெடுநாள் நின்ற பேட்டரியில் அது இருக்காது, சத்தமும் வராது. அது ரிலேயின் குற்றமல்ல. பேட்டரியை அளந்து பாருங்கள், 10.5 வோல்ட்டுக்கு வெகு கீழே போய்ப் பல மாதம் கிடந்ததென்றால் அதற்குச் செலவழிப்பதில் பயனில்லை. பிழைக்கும் நிலையில் இருந்தாலும், 5 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பைக் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும். உங்கள் 5 ஆம்பியர் சார்ஜரை அதில் மாட்டவே வேண்டாம்.