ரத்த அழுத்தம் சீரான பிறகும் சிறுநீரகம் செயலிழப்பது ஏன்?

கேள்வி: சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, என் பெரியப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். மருந்து ஏற்றி ரத்த அழுத்தத்தைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹார்மோன் மருந்தும் கொடுக்கிறார்களாம். இது ஏன்? - வாசகி ஒருவர்

பதில்: திரையில் தெரியும் ரத்த அழுத்தம் பெரிய தமனிகளின் கணக்கு, உறுப்புகள் பிழைத்திருப்பதோ முடியைவிட மெல்லிய தந்துகிகளை நம்பித்தான். ஏரி நிரம்பியிருந்தாலும் மதகு கெட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாதல்லவா?

நுண் தமனிகளைச் சுருக்கி அழுத்தத்தைத் தாங்குபவை நார்-அட்ரீனலின், வாசோபிரெசின், ஆஞ்சியோடென்சின் ஆகியவை. தொற்று ரத்தத்தில் பரவி உறுப்புகளைப் பாதிக்கும் செப்சிஸ் நிலையில் நாளச் சுவர்கள் நைட்ரிக் ஆக்ஸைடை அளவுக்கு மீறிச் சுரந்து தளர்ந்துவிடுவதால், இந்த ஹார்மோன்களின் கட்டளைக்கு அவை சரிவரச் செவிசாய்ப்பதில்லை. வாசோபிரெசினின் கதை இன்னும் விசித்திரமானது. ரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலையின் தொடக்கத்தில் அது பெருமளவில் சுரக்கிறது. பிறகு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் இருப்பு கரைந்து, மிகவும் தேவைப்படும் நேரத்தில் பற்றாக்குறையாகிவிடுகிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 1997இல் இதை எடுத்துக்காட்டினார்கள். உங்கள் பெரியப்பாவுக்கு ஏற்றப்படுவது பெரும்பாலும் அதுவாகவோ, நாளங்களின் உணர்திறனை மீட்கும் ஹைட்ரோகார்ட்டிசோனாகவோ இருக்கலாம்.

ஆனால் அழுத்தத்தை உயர்த்துவது வேறு, உறுப்பைக் காப்பது வேறு. நார்-அட்ரீனலினையும் வாசோபிரெசினையும் ஒப்பிட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வில், ஒட்டுமொத்த இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. உறுப்புக்குள் நடப்பது வேறு: தந்துகிகளின் உட்பூச்சு சிதைந்து, வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு, நுண்ணிய ரத்தக் கட்டிகள் அடைப்பதால், ஒரு தந்துகியில் ஓட்டம் நின்றிருக்க, பக்கத்துத் தந்துகியில் ஆக்ஸிஜனை இறக்கிவைக்கக்கூட நேரமின்றி ரத்தம் விரைந்தோடுகிறது. நாளங்களை மேலும் இறுக்கும் மருந்து இந்தப் பழுதைச் சீராக்காது.

நுண் ஓட்டத்தை ஓரளவு கண்ணாலேயே பார்க்கலாம்: விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டால், வெளுத்த இடம் 3 விநாடிக்குள் சிவக்க வேண்டும். இதையும் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் இறங்குகிறதா என்பதையும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அழுத்தத்தை மட்டும் கேட்டு நிம்மதியடைவதைவிட இது மேல்.

செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால், செயலிழப்பின் அளவுக்குச் செல்கள் மடிந்திருப்பதில்லை. பல செல்கள் வேலையை நிறுத்திக்கொண்டு உயிரோடிருப்பதாகவே தோன்றுகிறது. ஆகவே, டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் அது நிரந்தரம் என்று இப்போதே எண்ண வேண்டியதில்லை. தொற்று அடங்கிய பிறகு பலருக்குச் சிறுநீரகம் நாள்கள், வாரங்கள் கழித்து மீண்டும் வேலை செய்யத் தொடங்குவதுண்டு.