சேலத்தில் இருந்துகொண்டு மதங்களைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்க முடியுமா?

கேள்வி: சேலத்தில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். சமயவியல் எம்.ஏ. படிக்க ஆசை. சாமி நம்பிக்கை இல்லாதவன் படிக்கலாமா? அங்கே என்னதான் சொல்லித்தருவார்கள்?

நம்பிக்கை இருக்கிறதா என்று வகுப்பில் யாரும் கேட்கப்போவதில்லை. கிறித்தவ இறையியல் கல்லூரிகளின் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படிப்பைத்தான் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒரு நம்பிக்கைக்குள் நின்றுகொண்டு அதை விளக்கும் படிப்பு. சமயவியலில் கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையே கிடையாது. யார், எதை, யார் முன்னால் செய்கிறார்கள், அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள், செலவு யாருடையது என்பதுதான் பாடம். அரசு நிறுவனத்தில் மதம் நடத்தலாமா என்று வீட்டில் கேட்டால்: அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு தடுப்பது மதபோதனையை. மதங்களைப் பற்றிப் படிப்பதற்குத் தடை இல்லை என்று 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேலத்துக்காரருக்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது: பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில். உள்ளே இருப்பது புத்தர் சிலை என்று தொல்லியல் துறை அறிக்கையை வைத்து 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், தியான முத்திரை, சுருள்முடி, உஷ்ணீஷம் (உச்சந்தலையில் முடிச்சு போன்ற மேடு), நீண்ட காதுமடல், உடைந்து பின்னால் ஒட்டவைத்த தலை ஆகியவை அறிக்கையில் இருந்தன. சிலையில் இருப்பவர் யார் என்பதோடு வழக்கு முடிந்துவிடும். மாணவருக்கு வேலை அதற்கப்புறம்தான். முனியப்பனாகக் கும்பிட்டவர்கள் எந்தத் தெருக்காரர்கள், பூசாரி உரிமை யாருக்கு எப்படி வந்தது, 'தலைவெட்டி'க்கு என்ன கதை சொல்கிறார்கள், தீர்ப்புக்குப் பிறகு நேர்த்திக்கடனை எங்கே செலுத்துகிறார்கள்? "தெரியாமல் கும்பிட்டார்கள்" என்று எழுதினால் அது ஆய்வு இல்லை. "திட்டமிட்டு மறைத்தார்கள்" என்று சான்றில்லாமல் எழுதினாலும் அதே கதிதான்.

ஏற்காடு சேர்வராயன் கோயிலுக்கு மே மாதத் திருவிழாவில் போய்ப் பழகலாம். நோட்டில் நடுவே கோடு போடுங்கள்: இடப்பக்கம் கண்ணால் பார்த்தது, வலப்பக்கம் பிறர் சொன்னது, சொன்னவர் யார் என்பதோடு. இரண்டும் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்துப் பிரிக்கவே முடியாது. "ஏன் செய்றீங்க?" என்று கேட்காதீர்கள், "பெரியவங்க செஞ்சாங்க, நாங்களும் செய்றோம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "இதை யாருங்க எடுத்துக் குடுக்கணும்? அவரு வரலைன்னா?" என்று கேளுங்கள். ஊர், வகையறா, பங்கு, பழைய சண்டை எல்லாம் வரிசையாக வரும். திருவிழா அன்றைக்கு யாருக்கும் பேச நேரமிருக்காது. பந்தல் போடும் நாளும், ஊரில் திரட்டிய திருவிழா வரிக்குக் கணக்கு முடிக்கும் நாளும்தான் பொன்னான நாட்கள். போனில் பதிவுசெய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்தவர் அல்ல) பூர்வீகக் கதை ஒன்று நூறாண்டுக்கும் முன்பே அச்சேறியிருக்கிறது: காஞ்சியிலிருந்து கரிராமன் சாமியோடு அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார் என்று. காஞ்சியிலிருந்து வந்தது உண்மைதானா என்பது வரலாற்றுத் துறையின் கேள்வி. இன்றைக்கு அதை யார் எந்தச் சபையில் சொல்கிறார்கள், அதனால் எந்த மரியாதையைக் கோருகிறார்கள் என்பது உங்களுடையது. வரலாறு படித்தவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவவியல் எனத் தனித்தனித் துறைகள் உண்டு. பல மதங்களை ஒப்பிட்டுப் படிக்க சாந்திநிகேதனின் விஸ்வபாரதி, பாட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகம். ஊரை விட்டுப் போக முடியாவிட்டால் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் அல்லது வரலாறு சேர்ந்து, ஆய்வேட்டை மட்டும் சமயம் சார்ந்து எடுங்கள். என்னைக் கேட்டால் இது இரண்டாம்தர வழியே அல்ல. ஆசிரியர் பணிக்கு ஆளெடுக்கும்போது சமூகவியல், வரலாறு என்ற பெயர்களுக்கே இடம் அதிகம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூஜிசி நெட் தேர்வில் 'ஒப்பீட்டுச் சமயம்' தனிப்பாடமாக இருக்கிறது, ஆனால் தேர்ச்சி பெற்றவரைச் சேர்த்துக்கொள்ளும் துறைகள் கொஞ்சம்தான். அறநிலையத்துறைச் செயல் அலுவலர் பணிக்கு இந்தப் பட்டம் தேவையில்லை, ஆனால் இந்துவாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

கடைசியாக, ஆய்வுத் தலைப்பு. "சேலம் மாவட்டக் கோயில்கள்" என்று கொடுத்தால் வழிகாட்டி திருப்பித்தான் அனுப்புவார், ஒரு பருவத்தில் முடிகிற காரியமில்லை. "கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஒரு கட்டளைதாரர் குடும்பத்தின் பொறுப்புகள்" என்ற அளவுக்குச் சுருக்குங்கள் (கட்டளைதாரர் என்றால் ஒரு பூசை அல்லது விழாவின் செலவை ஏற்றுக்கொண்டவர்). பேட்டிக்கு ஏழெட்டுப் பேர், பார்க்க ஒரு பெட்டி பழைய நோட்டீஸ், ரசீது. முதலில் அந்தப் பெட்டி யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.