டைட்டனுக்கு என்ன கொண்டுபோவது?

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் எனக்கு ஒரு சின்ன ரப்பர் தோட்டம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், சனிக் கோளைச் சுற்றும் டைட்டன் நிலவைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, "அங்க மைனஸ் 179 டிகிரியாம். நாம போனா என்னப்பா கொண்டுபோவணும்?" என்று கேட்டாள். விண்வெளி உடை என்றேன். "அது போதுமா?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், குலசேகரம்

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் இரண்டாவது கேள்வியை மிகவும் ரசித்தேன். அந்த உடை போதாது. ஆனால் அதில் பாதி தேவையும் இல்லை.

நிலாவுக்குப் போனவர்களின் உடை உள்ளே காற்றை அடைத்த பை மாதிரி. வெளியே வெற்றிடம், அதனால் அப்படி. டைட்டனில் காற்று உண்டு. பெரும்பாலும் நைட்ரஜன், கொஞ்சம் மீத்தேன். அழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே குளிர் தாங்கும் உடுப்பும் மூச்சுக்கு ஆக்சிஜனும் இருந்தால் வெளியே நடக்கலாம். எடை இங்கே இருப்பதில் ஏழில் ஒரு பங்குதான் என்பதால் உடுப்பின் கனம் தெரியாது.

சிக்கலும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. நிலாவில் காற்று இல்லாததால் உடல் சூடு எளிதில் வெளியேறாது. அப்போலோ வீரர்கள் தண்ணீர் ஓடும் நுண்குழாய்கள் வைத்த உள்ளாடை போட்டு உடம்பைக் குளிர்வித்தார்கள். டைட்டனின் காற்றோ நம் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி. சூட்டை உருவிக்கொண்டே இருக்கும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நனைந்த சட்டையோடு நின்றவர்களுக்கு இது புரியும். பூமியில் பதிவான கடுங்குளிர் அண்டார்க்டிகாவின் வோஸ்டோக்கில், 1983 ஜூலை 21 அன்று, மைனஸ் 89.2 டிகிரி. அதற்கும் கீழே இன்னும் 90 டிகிரி இறங்கினால் டைட்டன். கம்பளியை எத்தனை அடுக்கு சுற்றினாலும் ஆகாது, உடுப்புக்குள் சூடு உண்டாக்க வேண்டும்.

சூரிய ஒளி அங்கே உதவாது. சனிக் கோள் இருக்கும் தூரத்தில் நமக்குக் கிடைப்பதில் நூறில் ஒரு பங்குதான். கையில் இருக்கும் வழி புளூட்டோனியம் 238. அது தானாகவே சூடு தரும், அந்தச் சூடு பாதியாகக் குறைய 88 ஆண்டு ஆகும். டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் கலத்தின் உள்ளுறுப்புகள் உறையாமல் இருக்க, ஒரு வாட் அளவே சூடு தரும் அப்படிப்பட்ட வில்லைகளை வைத்திருந்தார்கள். அது இறங்கியது 2005 ஜனவரி 14, பொங்கல் நாள். சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கொளச்சலிலும் மணக்குடியிலும் அழுகை ஓயாத நேரம். ஹைகன்ஸ் இறங்கிய செய்தியை நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

சரி, உங்கள் ரப்பருக்கு வருகிறேன். கையுறையின் மணிக்கட்டு, முகமூடியின் விளிம்பு, ஆக்சிஜன் குழாய், பூட்ஸ் என்று வளைய வேண்டிய, இறுக மூட வேண்டிய இடங்களில் எல்லாம் நாம் நம்புவது ரப்பரையும் அதன் உறவுப் பொருள்களையும்தான். இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி வாக்கில் கண்ணாடி போல ஆகிவிடும். சிலிகோன் ரப்பர் மைனஸ் 120 வரை தாங்கலாம். டைட்டனின் குளிரில் இரண்டுமே நொறுங்கும். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்களே, அதற்கு உறைபனியை ஒட்டிய குளிரே போதுமாக இருந்தது. மீள்தன்மை குறைந்த ரப்பர் வளையம் சூடான வாயுவைக் கசியவிட்டது. அதனால் நான் உடுப்பு செய்பவனாக இருந்தால் முதல் கவலை மூட்டுகளுக்கும் விரல்களுக்கும்தான். சூடு அங்கே போய்ச் சேர வேண்டும்.

மூச்சு விடும் குழாயும் அப்படியே. நம் மூச்சிலுள்ள ஈரம் நொடியில் பனியாகும், கார்பன் டை ஆக்சைடுகூட அந்தக் குளிரில் கட்டியாகிவிடும். குழாயைச் சூடாக வைக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

தங்கும் கூடாரத்துக்கு இரட்டைக் கதவு வேண்டும். வெளியே இருக்கும் மீத்தேன் அங்கே எரியாது, ஆக்சிஜன் இல்லை. உள்ளே புகுந்து ஆக்சிஜனோடு கலந்தால் காஸ் கசிந்த சமையலறைதான்.

இவ்வளவு குளிரில் வேலை செய்வது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மலைக்கு அந்தப் புறம் மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனைக் கையாளுகிறார்கள். அப்படிப்பட்ட கடுங்குளிர்த் திரவங்களை எரிக்கும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினில் உழைத்து, இப்போது இஸ்ரோ தலைவராக இருக்கும் வி. நாராயணன் நம் மேலகாட்டுவிளைக்காரர்.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே டைட்டனைவிடக் குளிர்ந்த பொருள் ஒன்று இருக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகத்தில், உறைவிந்து வைக்கும் அலுமினிய கேன். உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால், நம் மேமாத வெயிலிலும் அது வாரக்கணக்கில் தாங்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் ரப்பர் ஷீட்டில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்துப் போங்கள். டாக்டரே திரவ நைட்ரஜனைக் கொஞ்சம் தெர்மாகோல் டப்பாவில் ஊற்றி, துண்டை இடுக்கியால் முக்கி எடுக்கட்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். மகள் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலடி தள்ளி நிற்கட்டும். அப்புறம் சுத்தியலால் ஒரு தட்டு. என்ன ஆனது என்று அவளே எனக்கு எழுதட்டும்.