காலையில் குறையும் கம்ப்ரெசர் பிரஷர்: ஒழுகலா, ஆறியதா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து லாரிகளுக்கு டயர் பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 100 லிட்டர் கம்ப்ரெசரை மாலையில் 8 பாரில் நிறுத்தினால், காலையில் 7 சொச்சம்தான் காட்டுகிறது. டயருக்குள் தண்ணீரும் போகிறது. டேங்க் ஒழுகுகிறதா?

பதில்: அநேகமாக இல்லை. மாலையில் டேங்க் மீது கையை ஐந்து நொடி வைக்க முடியாத சூடு இருந்தால், ஏறக்குறைய 60 டிகிரி என்று கொள்ளுங்கள். மீட்டரின் 8 பாரோடு வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் 9. காற்று 27 டிகிரிக்கு ஆறும்போது கெல்வின் கணக்கில் (டிகிரியோடு 273 கூட்டினால்) 333 என்பது 300 ஆகிறது. 9 × 300 ÷ 333 = 8.1, மீட்டரில் 7.1. ஒரு பொட்டுக் காற்றும் வெளியேறவில்லை.

சந்தேகம் தீர, வெளிக்குழாயை அடைத்துவிட்டு, டேங்க் நன்றாக ஆறிய பிறகு முள்ளைக் குறித்து வையுங்கள். அதன் பிறகும் இறங்கினால்தான் ஒழுகல். மோட்டார் நின்ற பிறகும் பிரஷர் சுவிட்சின் அடியில் ‘உஸ்’ என்று விடாமல் கேட்டால் நான்-ரிட்டர்ன் வால்வை (டேங்க் காற்று பின்னால் திரும்பாமல் தடுப்பது) கழற்றித் துடையுங்கள். மற்ற இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

பிரஷர் கூடியதால் சூடு என்று பலர் சொல்வது பாதிதான் சரி. பிஸ்டன் தள்ளும் வேலைதான் காற்றில் சூடாக ஏறுகிறது. 30 டிகிரிக் காற்றை, சூடு வெளியேற விடாமல், பிஸ்டனின் ஒரே தள்ளலில் 9 மடங்கு பிரஷருக்குக் கொண்டுபோனால் 295 டிகிரியைத் தொடும்! சிலிண்டரின் தகடுகள் அதில் ஒரு பகுதியை வெளியேற்றுகின்றன. அவற்றில் தூசி அடைத்தால் எண்ணெய் கருகி வால்வில் கரியாக ஒட்டும். காலையில் ஆறிய டேங்கிலும் 7 பார் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஒரு கிராம் காற்றின் உள் ஆற்றல், அதாவது சூட்டோடு ஏறி இறங்கும் ஆற்றல், வெளிக்காற்றினுடையதுதான். நட்டுக் கழற்றும் கன்னிலிருந்து குளிர்காற்று வருவது இதன் மறுபக்கம்: அங்கே காற்றே வேலை செய்து தன் சூட்டைச் செலவழிக்கிறது.

இனி தண்ணீர். நம் ஊர் ஈரக்காற்று கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் ஈரம் சுமக்கும். உங்கள் டேங்க் நிரம்பும்போது 22 கிராம் போல உள்ளே வருகிறது. ஆறிய பிறகு 3 கிராம்தான் ஆவியாக நிற்கும், மிச்சம் அடியில் தேங்கும். அதனால் காலையில், மோட்டாரைப் போடுமுன், பிரஷரை 1 பாருக்கு இறக்கி அடிக்குழாயை மெல்லத் திறந்து வடியுங்கள். சூடாக இருக்கும்போது வடித்தால் பாதி ஆவியாகவே உள்ளே இருக்கும்.

தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரை டேங்க் வாயிலேயே மாட்டாதீர்கள். 6 மீட்டர் இரும்புக் குழாயைச் சற்றுச் சரிவாக ஓட்டி, காற்று ஆறிய முனையில் மாட்டுங்கள். கிளைக்குழாய் மேற்புறத்திலிருந்து பிரியட்டும். காசு மிச்சம் என்று பிவிசி குழாய் மட்டும் வேண்டாம், வெடித்தால் சில்லுகள் பறக்கும்.