ஓட்டு வீட்டுக்குக் கண்ணாடி அறை பொருந்துமா?

கேள்வி: இராமேசுவரம் அருகிலுள்ள மண்டபம் ஊரில் கடலைப் பார்த்திருக்கும் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் முன்புறம் ஒரு கண்ணாடி அறை கட்ட விரும்புகிறோம். எந்த அமைப்பு பொருந்தும்?

பதில்: குளிர்நாடுகளில் வெயிலைச் சிறைப்பிடிக்கவென்றே தோன்றிய அந்த அறையை, கூரை வரை கண்ணாடியாக இங்கே கட்டினால், சித்திரை மாதத்தில் கருவாடு காயப்போடத்தான் உதவும். ஆகவே, வீட்டுக் கூரையின் சாய்வையே நீட்டி ஓடு வேய்ந்து, கண்ணாடியைப் பக்கங்களில் மட்டும், அதுவும் எதிரெதிரே திறக்கும் சன்னல்களாக, டஃபண்ட் கண்ணாடியில் (சூடாக்கிக் கடினமாக்கிய கண்ணாடி) அமைப்பதே பொருத்தம். சட்டத்துக்கு இரும்பு வேண்டாம்; உப்புக்காற்றில் பெயின்ட்டுக்கு அடியிலேயே துரு பொரிந்து கிளம்பும். யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் நல்லது. பலரும் கோட்டைவிடுவது ஸ்க்ரூவிலும் கீலிலும்தான்: வழக்கமான 304 ரகம் அன்று, உப்பு அரிப்பைக் கூடுதலாகத் தாங்க மாலிப்டினம் என்னும் உலோகம் கலந்த 316 ரக எவர்சில்வரையே கேட்டு வாங்குங்கள். மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டாயம் வேண்டும்.