தாத்தா பதக்கத்துக்கு 800, ஜெர்மன் சிலுவைக்கு 8,000: வாங்குவோர் கேள்வி-பதில்

பழைய பித்தளைச் சாமான்கள் பற்றிப் போன முறை எழுதியதிலிருந்து, பழைய பட்டாளத்துப் பொருள்கள் பற்றிய கடிதங்கள்தான் அதிகம் வருகின்றன. வட ஆற்காட்டில் அது ஆச்சரியமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே கூப்பிடும் ஊர்க்காரர்கள் நாம். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன்.

சார், என் தாத்தா பர்மா சண்டையில் இருந்தவர். அவருடைய நான்கு பதக்கங்களை ஒரு வியாபாரியிடம் காட்டினேன். மொத்தமாக 800 ரூபாய் என்றார். அதே கடையில் ஒரு ஜெர்மன் இரும்புச் சிலுவைக்கு 8,000 சொன்னார். தோற்றுப்போனவன் பதக்கத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? — காட்பாடி வாசகர்

தோற்றுப்போனதும் ஒரு காரணம்தான். 1945இல் அந்த அரசே இல்லாமல் போனது. ஜெயித்த அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர் திரும்பும்போது சிலுவை, குத்துவாள், தலைக்கவசம் என்று பை நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். அப்படிப் போன பொருள்களைச் சுற்றித்தான் அந்த நாடுகளில் சேகரிப்புச் சந்தை வளர்ந்தது. நாஜி ஆட்சி நடந்தது பன்னிரண்டு வருடம்தான். ஆனால் படை, கட்சி, ரயில்வே என்று ஒவ்வொன்றுக்கும் தனி உடுப்பு, தனி சின்னம், தனி குத்துவாள் செய்து வைத்தார்கள். வகை கூடக்கூடச் சேகரிப்பவருக்கு ஆசை அடங்காது. அந்த ஆட்சி செய்த கொடுமையே பொருளுக்கு ஒரு பயங்கரமான கவர்ச்சியையும் கொடுத்துவிட்டது. இரும்புச் சிலுவை மட்டும் ஹிட்லருக்கு முந்தியது. பிரஷ்ய மன்னர் 1813இல் ஏற்படுத்தியது.

இன்னொரு காரணம், பதக்கம் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பது. பிரான்ஸின் குருவா த கேர் பதக்கத்தில் வாங்கியவர் பெயர் கிடையாது. கொடுத்ததும் ஏராளம், அதனால் மலிவு. ஜப்பானியப் பதக்கங்களிலும் பொதுவாகப் பெயர் இருக்காது. அவர்களுடைய வாள்களுக்குத்தான் மவுசு. சோவியத்தின் செந்நட்சத்திர விருதில் எண் பொறித்திருப்பார்கள். எண்ணை வைத்து ஆவணக் காப்பகத்தில் ஆளைத் தேடலாம் என்பதால், 1991க்குப் பிறகு சந்தையில் வந்து குவிந்தபோதும் அதற்கு ஆள் இருந்தது. பிரிட்டன் முதல் உலகப்போர் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்தது. பதக்கப் பதிவு அட்டைகளும் பத்திரமாக இருக்கின்றன. அதனால்தான் பிரிட்டிஷ் பதக்கத்துக்கு என்றைக்கும் கிராக்கி.

சரி, உங்கள் தாத்தா விஷயம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் சொந்தச் சிப்பாய்களுக்கு நட்சத்திரப் பதக்கங்களைப் பெயரில்லாமலேதான் கொடுத்தது. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள்தான் தங்கள் ஆட்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தன. உங்கள் பர்மா நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள், பெயர் இருக்க வேண்டும். அப்புறம் ஏன் 800 என்கிறீர்களா? லண்டனில் வாங்குபவருக்கு அந்தச் சிப்பாய் எந்தத் தெருவில் பிறந்தார், யாரைக் கட்டினார் என்பதுவரை வேண்டும். வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் சர்ச் பதிவேடும் உள்ளூர்ப் பத்திரிகையும் அதைச் சொல்லிவிடும். நம் சிப்பாய்க்கு ஒரு நம்பரும் ஒரு பெயரும் ரெஜிமென்டும்தான் மிச்சம். மீதியை அறிந்தவர்கள் அவர் வீட்டார் மட்டுமே. வீட்டாரே விற்க வந்தால் விலை எப்படி ஏறும்? கொடுக்காதீர்கள். தாத்தா சொன்னதில் ஞாபகம் இருப்பதை இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிப் பதக்கத்தோடு வையுங்கள்.

வேலூர்க் கோட்டை அகழியில் கிடைத்த 1806 சிப்பாய்ப் புரட்சி பீரங்கிக் குண்டு என்று ஒருவர் 15,000 சொல்கிறார். வாங்கலாமா? — சத்துவாச்சாரி

வேண்டாம். அவர் சொல்வது பொய்யென்றால் ஏமாறுவீர்கள். உண்மையென்றால், பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து எடுத்த பொருளோடு மாட்டுவீர்கள். புரட்சி நடந்த 1806 ஜூலை 10ஐ வீட்டில் வைத்துக்கொள்ள ஆசையிருந்தால், 2006இல் இருநூறாவது ஆண்டுக்கு வந்த தபால்தலையைத் தேடி வாங்குங்கள்.

ஐயா, ஆன்லைனில் ஜெர்மன் இரும்புச் சிலுவை 8,500க்கு வாங்கினேன். பில் இல்லை. விற்றவர் முகவரியும் தெரியாது. ஜிபேயில் பணம் அனுப்பினேன். இப்போது போலி என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? — ராணிப்பேட்டை

பில் இல்லை, முகவரி இல்லை, ஒரிஜினல் என்று எழுதிக் கொடுக்கவும் இல்லை. 200 ரூபாய் மிக்ஸி ஜாருக்குக் கேரண்டி கார்டு கேட்கும் நாம், 8,500க்கு ஏன் எதுவுமே கேட்பதில்லை? உங்களோடு சேர்த்து இந்த மாதம் ஐந்து பேர் இதே கதையை எழுதியிருக்கிறார்கள். படிக்கும்போது கோபம்தான் வருகிறது.

வழி இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யுங்கள். இணைய விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. ஆனால் விற்றவர் வியாபாரி இல்லை, யாரோ ஒரு தனி ஆள் என்றால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்காது. ஏமாற்றிப் பணம் வாங்கினார் என்று காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சாட் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இந்தச் சிலுவையில் நானும் அடிபட்டவன். 2003இல் சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் 6,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அந்த மாதம் மகளின் பள்ளிக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டேன். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சுபேதார் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, ஒரு காந்தத்தை எடுத்து நடுவில் வைத்தார். ஒட்டவில்லை. அசல் சிலுவை நடுவில் கறுப்படித்த இரும்பு, சுற்றிலும் வெள்ளி நிறச் சட்டம் என்று தனித்தனியாகச் செய்து இணைத்தது. ஓரத்தில் இணைப்புக் கோடு தெரியும், பொதுவாகக் காந்தம் பிடிக்கும். என்னுடையது ஒரே வார்ப்பில் ஊற்றிப் பெயின்ட் அடித்தது. காந்தம் ஒட்டினால் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், இரும்பு வைத்தே போலி செய்கிறார்கள். ஒட்டாவிட்டால் மட்டும் உடனே எழுந்து வந்துவிடுங்கள். உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் ராணுவப் பொருள்களில் ஜெர்மன் சரக்கு முன்வரிசையில் நிற்கிறது. கிராக்கி எங்கேயோ போலியும் அங்கே.

நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னம் ஒட்டிய பொருளை வீட்டில் வைக்க இப்போது எனக்கு மனம் வருவதில்லை. ஜெர்மனியிலேயே அதைப் பொதுவில் காட்டச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

அண்ணா, எம்டன் கப்பல் மெட்ராஸில் போட்ட குண்டின் துண்டு என்று எங்கள் ஊர்ச் சந்தையில் விற்கிறார்கள். உண்மையா? — குடியாத்தம்

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி குண்டு போட்டது உண்மை. உங்கள் சந்தையில் இருப்பது ஏதோ ஒரு இரும்புத் துண்டு. எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்று காகிதம் இல்லாத துண்டுக்குப் பழைய இரும்பு விலைதான். எம்டன் பேரில் சேகரிப்பாளர்கள் உண்மையில் தேடுவது வேறு. அதே வருடம் நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை முடித்தது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களை வைத்தே நினைவுப் பதக்கம் செய்தார்கள். அது குடியாத்தம் சந்தைக்கு வராது.

நேதாஜியின் ஆசாத் ஹிந்த் பதக்கம் ஒன்று விலைக்கு வருகிறது. போலியா? — வாணியம்பாடி

அந்தப் பதக்கங்களை அடித்தது வியன்னாவின் ஒரு பட்டறை. போர் முடிந்த பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அடித்தார்கள். அதனால் வாங்கியவரின் குடும்பம், கடிதம், போட்டோ எதுவும் கூட வராவிட்டால் தொடாதீர்கள்.

மாமனாருடைய அப்பா முதல் உலகப்போருக்குப் போனவர். ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்யலாம் என்கிறார் ஆசாரி. செய்யலாமா? — ஆரணி வாசகி

அம்மா, செய்யாதீர்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

உங்களிடம் இருப்பது ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலையும், மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆளும், 1914, 1918 என்ற வருடங்களும் உள்ளதா? அப்படியென்றால் அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. அதுதான் அதற்கு எமனாகிவிட்டது. 1980இல் வெள்ளி விலை ஏறியபோது பிரிட்டனிலேயே அள்ளி அள்ளி உருக்கினார்கள். நம் ஊரில் அதற்கு விலை ஏறவே வேண்டியதில்லை. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும், பதக்கம் அடகுக் கடைத் தராசுக்குப் போய்விடும். அங்கே விளிம்பைத் திருப்பிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு வேலூரில் ஒரு காயலான் கடையில் தட்டு நிறையப் பழைய பித்தளை. அதில் இரண்டு பதக்கம். ஒன்று பளபளவென்று பர்மா நட்சத்திரம், ரிப்பன்கூடப் புதிது. இன்னொன்று கறுத்துப்போன முதல் உலகப்போர் வெற்றிப் பதக்கம், வெண்கலம், விளிம்பில் ஒரு சிப்பாயின் பெயர். நான் பளபளப்பைப் பார்த்து நட்சத்திரத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்னால் பெயர் இல்லை. புற ஊதா விளக்கில் ரிப்பன் வெள்ளையாக ஒளிர்ந்தது. துணிக்கு வெண்மை தரும் ரசாயனம் அப்படித்தான் ஒளிரும், போர்க்காலத்து ரிப்பனில் அது இருக்காது. மறு வாரம் ஓடினேன். கறுத்த பதக்கம் பித்தளை லோடோடு உருக்கப் போய்விட்டது. அந்த ஆள் இன்ன ஊர், இன்ன வீடு என்று தேட மிச்சமிருந்த ஒரே உலோகம் அதுவாகவும் இருந்திருக்கலாம். அவர் பெயரை நான் முழுதாகப் படிக்கக்கூட இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். அத்தனை பேர் பதக்கம் எங்கே? ஜெர்மன் சிலுவைக்கு 8,000 கொடுக்கத் தயாராக இருக்கும் நம் ஊர்ப் பையன்களில் ஒருவர்கூட, ஆற்காட்டுச் சிப்பாய் ஒருவரின் பதக்கம் கிடைக்குமா என்று இதுவரை எனக்கு எழுதியதில்லை. சந்தையில் ஒரு நாட்டுப் பொருள் ஏறுவதும் இறங்குவதும் அந்த நாட்டுக்காரர்கள் அதைக் கேட்டு வருவதைப் பொறுத்தது. பிரிட்டிஷ்காரன் தன் ரெஜிமென்ட்டைத் தேடுகிறான், அமெரிக்கன் தன் தாத்தாவின் படையைத் தேடுகிறான். நாம் தேடுவதில்லை. அதனால் நம் பதக்கத்துக்கு வெள்ளி விலை.

உங்களுடையது ஒருவேளை வெண்கலமாக இருந்தால் இன்னும் விசேஷம். மூட்டை சுமந்து சாலை போட்ட தொழிலாளர் படைக்காரர்களுக்கு அதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளி சுமார் 65 லட்சம், வெண்கலம் 1,10,000 அளவுதான். அதனால் இன்று சேகரிப்பாளர்களிடம் வெண்கலத்துக்குத்தான் விலை கூட.

இன்னும் ஒன்று: புளி போடாதீர்கள், விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். தேயத் தேய எழுத்து போய்விடும். கொலுசுக்குக் கடையில் வேறு வெள்ளி வாங்குங்கள்.

இந்தப் பதக்கத்தை லண்டனில் இருக்கும் மருமகனுக்கு அனுப்பி ஏலத்தில் விடலாமா? — ஆம்பூர்

எந்தப் பதக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளென்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

என் கணவர் 1971 போரில் இருந்தவர், இப்போது இல்லை. போன தை மாதம் ஒருவர் வந்து, பதக்கங்களைச் சுத்தம் செய்து சட்டம் போட்டுத் தருவதாக எடுத்துக்கொண்டு போனார். போன் எடுப்பதில்லை. 500 ரூபாய் முன்பணமும் வாங்கிக்கொண்டார். படிக்காதவள், என்ன செய்வது? — அணைக்கட்டு பக்கம் ஒரு அம்மா

அம்மா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்கு வந்து நல்லவிதமாகப் பேசியவரை நம்பினீர்கள், அவ்வளவுதான். அந்த ஆள் செய்தது நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316ல் வருகிற குற்றம். உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். யாராவது படித்த பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். அந்த ஆளின் போன் நம்பர், வந்த தேதி, பதக்கத்தின் பழைய போட்டோ, கணவர் அதை அணிந்த படம் எதுவானாலும் கொண்டுபோங்கள். சுத்தம் செய்து தரக் காசு வாங்கியிருப்பதால் அது சேவை. அதனால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

கணவரின் சர்வீஸ் நம்பரைத் தேடி எடுங்கள். நம் ராணுவம் கொடுத்த பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ அந்த நம்பரும் பெயரும் இருக்கும். எங்கே விற்க வந்தாலும் அதை வைத்து உங்களுடையது என்று சொல்லலாம். வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். மாற்றுப் பதக்கத்துக்கு ரெக்கார்ட் ஆபீஸுக்கு எப்படி எழுதுவது என்று கேளுங்கள்.

வியாபாரிகள் யாராவது இதைப் படித்தால்: 1971 போர் நட்சத்திரப் பதக்கங்கள் நம்பரோடு விலைக்கு வந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

பரணில் ஒரு பெரிய வெண்கல வட்டத் தட்டு. ஒரு பெண், சிங்கம், ஆங்கிலத்தில் கொள்ளுத்தாத்தா பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி நாணயமா? எவ்வளவு போகும்? — போளூர்

நாணயம் இல்லை. முதல் உலகப்போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு பிரிட்டன் அனுப்பிய நினைவுத் தகடு. குறுக்கே ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். அதில் பதவி போடவில்லை. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் வெறும் பெயர்தான். உங்கள் கொள்ளுத்தாத்தா அந்தப் போரிலிருந்து திரும்பி வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இது தெரியுமா? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலில் தேடினால் எந்தப் படை, எந்த நாள், எங்கே என்று கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தகட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், நானும் சேர்ந்து தேடுகிறேன்.